யாரு ஒட்டுனது?

அண்ணே, கோவிச்சுக்காம நீங்க இந்த ஜன்னல் பக்கம் வந்துருங்களேன். நான் அங்கிட்டு உக்காந்துக்கிறேன். எனக்குக் காத்து ஒத்துக்காது. அந்த ஷட்டரையும் பாதி இறக்கி விட்டுருங்க. ரொம்ப நன்றிண்ணே.

பின்னால வெள்ளைக் கார் ஏதும் வருதா? தலைய வெளிய நீட்டாதீங்க, சும்மா ஓரக்கண்ணால பாருங்க. முன் கண்ணாடியில செவப்பு எழுத்துல ‘அப்பா துணை’ன்னு போட்டிருக்கும். எங்க கடை ஸ்டிக்கர்தான். தூரத்துல வரும்போதே படிக்கலாம், அம்புட்டு சுத்தமான எழுத்து. இல்லையா? நல்லாப் பாத்தீங்களா? சரி. சரிண்ணே.

போலீஸ் கேசெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க பையை இறுக்கிப் பிடிக்க வேணாம். நான் தொழில் பண்றவன். தேனியில குரு ஸ்டிக்கர்ஸ்னு கடை. என் பேரு பாலகுரு. பைக் டேங்கு, ஆட்டோ முதுகு, லாரி நெத்தி, கல்யாண வண்டி, கட்சிக் கொடி, எதுன்னாலும் டிசைன் பண்ணி, பிரிண்ட் எடுத்து ஒட்டிக் குடுக்கிறது. நீங்க எது வரைக்கும் போறீங்க? திருப்பூரா? நானும் திருப்பூர்தான். அங்க என் மச்சினன் பனியன் கம்பெனியில இருக்கான். என் சம்சாரம் சுகந்திக்குக் கூடப் பொறந்தவன். அவன் ரூம்ல கொஞ்ச நாள் இருக்கலாம்னு போறேன். அவங்கிட்ட என்ன சொல்றதுன்னு இன்னும் யோசிக்கல.

யாருகிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்குண்ணே. கையைப் பாருங்க. காலையில இருந்து இப்படித்தான் ஆடுது. டிக்கெட்டை வாங்குறப்ப கண்டக்டர் என்னைய ஒரு மாதிரி பாத்தான். குடிச்சிருக்கேன்னு நெனச்சிருப்பான். நான் குடிக்க மாட்டேன். பயம்ணே, வெறும் பயம்.

லாரி ராசாங்கம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க ஊர்ப் பக்கம் அவரு பேரைச் சொன்னா சத்தமாப் பேசுறவன்கூடக் குரலை எறக்கிருவான். நெறைய லாரி ஓடுது. அத்தனைக்கும் ஸ்டிக்கர் எங்க கடைதான். எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு சொல்லு கடுமையாப் பேசுனதில்ல. அதான்ணே பயமே. கத்துற ஆளைப் பாத்தா எனக்குப் பயம் கெடையாது, கத்தி முடிச்சுட்டுப் போயிருவான். இவரு மெதுவாப் பேசுவாரு. தங்கவேலுன்னு ஒரு டிரைவர் டீசலை எறக்கி வித்துட்டான். இவரு கூப்பிட்டு, “யாரு தம்பி எறக்குனது?”ன்னு கேட்டாராம். அம்புட்டுதான். மறுநாள்ல இருந்து தங்கவேலுவைத் தேனிப் பக்கமே காணோம்.

அடிச்சாரான்னா கேக்குறீங்க? அடிச்சதை யாரும் பாக்கல. இப்ப கம்பத்துல பரோட்டாக் கடை வச்சிருக்கானாம். அந்தக் கடை வைக்கக் கை குடுத்ததே இவருதான்னும் சிலபேரு சொல்றாங்க. அதையெல்லாம் நம்ப முடியுமாண்ணே? தேனிக்கு வரலைல்ல? அதைப் பாருங்க.

அவருக்கு ஒரே பையன், அகிலேஷ். காலேஜ் படிக்கிறான். எந்நேரமும் கம்ப்யூட்டர்ல வெளையாட்டு. போன மாசம் கடைக்கு ஒரு டப்பாவைத் தூக்கிட்டு வந்தான். கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கிற சாமானெல்லாம் மாட்டுவாங்கள்ல, அந்தக் கேபினட்டு. வெறுங்கூடு. சாமான் ஒண்ணும் மாட்டல. மூணு பக்கம் கறுப்புத் தகரம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. “இதுல எங்கப்பா படம் போட்டு ஒட்டிக் குடுங்கண்ணே”ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பிள்ளைக இதுல டிராகன் கேப்பாங்க, மண்டையோடு கேப்பாங்க, துப்பாக்கி கேப்பாங்க. அப்பன் படம் கேட்டு யாரும் வந்ததில்ல. ஏண்டா தம்பின்னு கேட்டா, “இந்தச் சனியனை ஒருநாள் தூக்கித் தெருவுல எறிஞ்சுருவேன்னு அப்பா சொல்லிட்டே இருக்காருண்ணே. அவரு மூஞ்சி இருந்தா எறிய மனசு வராதுல்ல”ன்னான். நல்ல மூளைதான் அவனுக்கு.

தகரத்துப் பக்கமெல்லாம் லாரி டிசைனே போட்டேன். ரெண்டு பக்கமும் மயில், மேல கம்பெனிப் பேரு, காத்துப் போற ஓட்டையெல்லாம் பிளேடால வெட்டி விட்டு, பாக்க லாரியைச் சுருக்கி மேசையில வச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணாடிக்கு மட்டும் வேற ஷீட்டு. கடைவாசல்ல பெட்டி போர்டு வச்சு உள்ள லைட் எரிஞ்சா பேரு பளிச்சுன்னு தெரியுமில்ல, அந்த ஷீட்டு. உள்ள லைட்டு மாட்டப் போறோம்ணே, அப்பா மூஞ்சி தகதகன்னு தெரியணும்னு பையன்தான் கேட்டான். நான் என்னண்ணே பண்ணுவேன்? கேட்டதைப் பண்ணேன்.

பையன் குடுத்த படத்துல மார்புக்குக் கீழ பாதி வெட்டிப் போயிருந்துச்சு. ஏதோ வீட்டு விசேஷத்துல எடுத்த படம், பக்கத்துல நின்ன ஆளோட தோளு உள்ள வருது. அதை அழிச்சா அந்த எடம் மொட்டையா நிக்குது. சரின்னு கீழயும் ரெண்டு ஓரத்துலயும் பூ போட்டு மறைச்சேன். செவ்வந்தியும் ரோசாவும். எங்கிட்ட பூ டிசைன் ரெடியா இருக்கும். கட்சி பேனர், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாத்துக்கும் ஒரே பூதான். சுகந்தி பக்கத்துல நின்னு பாத்துட்டு, “பூ வேணாங்க”ன்னா. ஏன்னேன். “சொல்லத் தெரியல, வேணாம்”னா. சொல்லத் தெரியாத விசயத்துக்கு நான் டிசைனை மாத்த முடியுமாண்ணே? உனக்கு இதுல என்ன தெரியும்னு சொல்லிட்டேன்.

ஒட்டுறது அவதான். மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. சோப்புத் தண்ணி தெளிச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளணும். ஒரு தூசி இருந்தாலும் குமிழ் விழுந்துரும். என் கைக்குக் குமிழ் விழும், அவ கைக்கு விழாது. பொம்பளைக கைவாகு, வேற ஒண்ணுமில்ல. அதுல பெருசாப் பெருமைப்பட ஏதுமில்லண்ணே. இந்தத் தொழில்ல டிசைன்தான் உசுரு. டிசைன் நான். கடைக்கு வர்றவங்க கையைப் பிடிச்சுக் குலுக்குறது என் கையைத்தான்.

பின்னாடி ஏதோ ஹாரன் அடிக்குதே... லாரியா? லாரி கலரு என்ன? மஞ்சளா? அவரு லாரி பச்சை. பரவால்ல. மன்னிச்சுக்கோங்கண்ணே, உங்க கையைப் பிடிச்சுட்டேன்.

நேத்து ஆயுத பூசை. இந்தப் பஸ்ஸுக்கும் பூசை போட்டிருக்காங்க பாருங்க, முன் கண்ணாடியில சந்தனம் குங்குமம், மாலை தொங்குது. அதைப் பாத்தாலே நேத்து நடந்ததுதான் ஞாபகம் வருது. ராசாங்கம் ஐயா ஷெட்டுல வருசா வருசம் பூசை பிரமாதமா நடக்கும். வாழைக்கன்னு, தோரணம், லாரியெல்லாம் கழுவி வரிசையா நிறுத்தி, ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி டயர், அத்தனைக்கும் பொட்டு. ஸ்டிக்கர் ஒட்டுறவங்கிற மொறையில என்னையும் கூப்பிடுவாங்க. சுகந்தியையும் கூப்பிட்டாங்க. நாந்தான் கடையைக் கழுவி விடுன்னு சொல்லி விட்டுட்டுப் போனேன்.

போய்ப் பாத்தா, நடு மேசையில அந்தக் கம்ப்யூட்டரு. பையனோட கூட்டாளிக சாமானெல்லாம் மாட்டி முடிச்சுக் கொண்டாந்து வச்சிருக்கானுக. அப்பா பாத்து அசந்து போகணும்னு துணி போட்டு மூடி வச்சிருந்தான். எனக்கு ஒரே பெருமை. மீசையை முறுக்கிட்டு முன்னாடி போயி நின்னேன்.

ஐயா குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பூசைக்கு எல்லாம் தயார் பண்றாங்க. துணியை எடுத்தாச்சு. அவரு சம்சாரம் குங்குமக் கிண்ணத்தோட வர்றாங்க. ஜாக்கிக்கு வச்சாங்க, ஸ்பேனருக்கு வச்சாங்க, டயருக்கு வச்சாங்க, அதே வேகத்துல வந்து கண்ணாடியில இருந்த படத்து நெத்தியிலயும் ஒரு பொட்டு வச்சுட்டாங்க. யோசிக்கல. மிசினுக்கெல்லாம் பொட்டு, இதுவும் மிசின். டிரைவர் ஒருத்தன் லாரிக்கெல்லாம் மாலை போட்டுட்டு வந்தான். கையில ஒரு மாலை மிச்சம். எல்லா வண்டிக்கும் போட்டாச்சு, இதுக்கும் ஒண்ணுன்னு கேபினட்டு மேல போட்டுட்டான். அது சரியாப் படத்தைச் சுத்தித் தொங்குது. யாரோ ஊதுவத்தியைக் கொளுத்தி முன்னாடி சொருகுனாங்க. அப்பத்தான் பையன் சுவிட்சைப் போட்டான்.

நான் அதுவரைக்கும் அதை லைட் எரிஞ்சு பாக்கலண்ணே. கடைக்கு வந்தது வெறுங்கூடுதானே. கண்ணாடி ஓரம் பூராம் கலர் லைட்டு ஓடுது. செவப்பு, பச்சை, நீலம்னு சுத்திச் சுத்தி ஓடுது. கீழ காத்தாடியில செவப்பு லைட்டு. நடுவுல ஐயா மூஞ்சி தகதகன்னு. நெத்தியில பொட்டு, கழுத்துல மாலை, கீழ நான் போட்ட பூ, மேல ஊதுவத்திப் புகை. உங்க வீட்டுல பெரியவங்க தவறிப் போனா படத்தைப் பெருசாப் பண்ணி, சீரியல் லைட்டு போட்டு மாட்டுவீங்கள்ல? எல்லார் வீட்டுலயும் மாட்டுறதுதானே. அச்சு அசலா அதுண்ணே. பூசாரி ஒண்ணுங் கவனிக்கல, சூடத்தைக் காட்டிட்டு மணியை அடிக்கிறாரு. நாங்க அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டு நிக்கிறோம். நானுந்தான் கும்பிட்டேன்.

அந்நேரம் பாத்து அவருக்கு அக்கா ஒருத்தங்க, கண்ணுல பொரை விழுந்தவங்க, தட்டுத் தடுமாறி உள்ள வந்தாங்க. அவங்க கண்ணுக்கு மாலையும் லைட்டும் மட்டும் தெரிஞ்சிருக்கு. “ஐயோ என் தம்பீ, என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா”ன்னு நெஞ்சுல அடிச்சுட்டு உக்காந்துட்டாங்க.

அந்தத் தம்பி அவங்களுக்குப் பின்னாடியே நிக்கிறாரு. ஈரத் தலையோட, வெள்ளை வேட்டியில. எப்ப வந்தாருன்னே யாருக்கும் தெரியல. தன் படத்தைப் பாக்குறாரு, மாலையைப் பாக்குறாரு, கும்பிட்டு நிக்கிற எங்களைப் பாக்குறாரு. பூசாரி மணி தானா நின்னுபோச்சு. பையன் சுவிட்சை அணைக்கப் போயி வேற எதையோ அமுக்கிட்டான் போல, லைட்டு இன்னும் வேகமாச் சுத்துது.

ஐயா மெதுவாக் கேட்டாரு. “யாரு ஒட்டுனது இது?”

தங்கவேலுகிட்ட கேட்ட அதே குரல்ணே. எல்லாரும் என்னையவே பாக்குறாங்க. என் வாயில இருந்து என்ன வந்துச்சுன்னு எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுது. “சுகந்திதாங்கய்யா”ன்னு வந்துருச்சு. “எம் பொண்டாட்டிதாங்கய்யா ஒட்டுனா.”

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? பொய்யா சொன்னேன்? அவரு கேட்டது ஒட்டுனது யாருன்னுதானே. டிசைன் யாருன்னு கேட்டிருந்தா நாந்தான்னு சொல்லியிருப்பேன். அவரு கேக்கலையே. தவிர, ஆம்பளைன்னா என்னமும் செஞ்சுருவாங்கண்ணே. பொம்பளைப் பிள்ளையை என்ன செஞ்சுறப் போறாங்க, கொஞ்சம் சத்தம் போட்டுட்டு விட்டுருவாங்க. அந்த நேரத்துலயும் என் புத்தி எப்படி வேலை செஞ்சிருக்கு பாருங்க.

“சுகந்தியா”ன்னு ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டாரு. உள்ள போயிட்டாரு. நான் பொரி கடலைகூட வாங்கல. செருப்பை அங்கயே விட்டுட்டு வெறுங்காலோட வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா சுகந்தி கடையைக் கழுவி, பிளேடு, கத்திரி, ஸ்டிக்கருக்குச் சூடு காட்டுற ஹீட் கன்னு எல்லாத்துக்கும் பொட்டு வச்சு, சுண்டல் அவிச்சு வச்சிருக்கா. “பூசை எப்படி, கேபினட்டைப் பாத்து என்ன சொன்னாரு”ன்னு ஆசையாக் கேட்டா. நல்லா நடந்துச்சுன்னேன். தலைவலின்னு சொல்லிப் படுத்துட்டேன். சொல்லி அவளையும் ஏன் பயமுறுத்தணும், சொல்லுங்க. செருப்பு எங்கன்னு கேட்டா. வர்ற வழியில கோயில்ல தொலைஞ்சு போச்சுன்னேன்.

காலையில எந்திரிச்சு டீக்கடைக்குப் போனேன். எங்க கடைக்கு எதுத்தாப்புல ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கு. அங்க பேச்சே அதுதான். ராசாங்கம் ராத்திரி பூராம் தூங்கலையாம், சாப்பிடலையாம், வீட்டுக்கு டாக்டர் வந்துட்டுப் போனாராம். அவரு நல்லா இருந்தா என்னைய உசுரோட விட மாட்டாரு. அவரு போயிட்டாருன்னா நாந்தான் கொன்னேன்னு அவரு ஆளுக விட மாட்டாங்க. ரெண்டு பக்கமும் எனக்குச் சாவுதானேண்ணே?

அப்பத்தான் ராசாங்கத்தோட அந்த வெள்ளைக் கார் வந்து எங்க கடை முன்னாடி நின்னுச்சு. சுகந்தி விஜயதசமி, நல்ல நாளுன்னு சீக்கிரமே கடையைத் தொறந்து, தனியா உக்காந்து எதையோ வெட்டிக்கிட்டு இருக்கா. கார்ல இருந்து பையன் எறங்குனான். பின் கதவு தொறக்குது. அதுல இருந்து யாரு எறங்குனான்னு நான் பாக்க நிக்கல. கிளாஸை வச்சுட்டு நடந்தேன். ஓடலண்ணே, ஓடுனா சந்தேகம் வரும். நேரா பஸ் ஸ்டாண்டு. எந்தப் பஸ்ஸு கெளம்பிக்கிட்டு இருந்துச்சோ அதுல ஏறிட்டேன். எல்லாம் குடும்பத்துக்காகத்தான். நான் அங்க நின்னிருந்தா சண்டை வந்திருக்கும், கடையை ஒடைச்சிருப்பாங்க. நான் இல்லைன்னா யாருகிட்ட சண்டை போடுவாங்க?

அவகிட்டயான்னா கேக்குறீங்க? அவ சமாளிச்சுக்குவாண்ணே. அவளுக்குப் பயம் தெரியாது. பாம்பு வந்தாலே அவதான் வெரட்டுவா.

பஸ்ஸு கெளம்புனதும் அகிலேஷ் நம்பர்ல இருந்து போன் மேல போன். நான் சுவிட்ச் ஆப் பண்ணிட்டேன். இது எந்த ஊரு, செம்பட்டி தாண்டிருச்சா? ஒட்டன்சத்திரம் வரப் போகுதா? அப்ப ஆன் பண்ணிப் பாக்கலாமா? வேண்டாமா? மச்சினனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும், ரூம் சாவி வேணும். ஆன் பண்ணுறேன், இருங்க.

பாத்தீங்களா, ஆன் பண்ண ஒடனே அடிக்குது. சுகந்தி நம்பரு. அவ நம்பர்ல அவங்கதான் பேசுவாங்களோ? எடுக்கவா? நீங்க காதை இங்க வச்சுக்கோங்கண்ணே, ஆம்பளைக் குரல் கேட்டா கட் பண்ணிருவேன்.

ஹலோ... ம்... ஆமா, நாந்தான்... பஸ்ஸுல... அவசர வேலை, ஒரு பார்ட்டியைப் பாக்க... ம்... யாரு, அவரேவா? கடைக்குள்ளயா? ... ம்... ம்... ஐயோ... அழுதாரா? ... சரி... அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லைல்ல? ஒண்ணும் இல்லைல்ல? ... ஏ சுகந்தி... இல்ல, அது... நான் சொல்றதைக் கேளு... அப்படி இல்ல... ஹலோ? ஹலோ?

வச்சுட்டா.

இருங்கண்ணே, சொல்றேன். ஒரு நிமிசம். தண்ணி இருக்கா உங்ககிட்ட?

அவரேதான் வந்தாராம். ஆளு அம்பு ஒண்ணுமில்ல, அவரும் பையனும். அந்தக் கேபினட்டுக் கண்ணாடியைக் கழட்டி, போர்வையில சுத்தி, மடியில வச்சுக்கிட்டு வந்திருக்காரு. கடை ஸ்டூல்ல உக்காந்தவருக்குக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சாம். ராசாங்கத்துக்குண்ணே! ராத்திரி பூராம் பயந்து கெடந்திருக்காரு. கண்ணை மூடுனா தன் படமும் அதைச் சுத்தி ஓடுற லைட்டுந்தான் தெரியுதாம். அவங்க அக்கா சின்ன வயசுல இருந்தே சொல்லுவாங்களாம், இப்படி அபசகுனமா ஒண்ணு ஆயிட்டா எந்தக் கை வச்சுச்சோ அந்தக் கையே எடுத்தாத்தான் தோஷம் போகும், வேற ஆள் கை வைக்கக் கூடாதுன்னு. அதுக்குத்தான் யாரு ஒட்டுனதுன்னு கேட்டிருக்காரு. அதுக்கு மட்டுந்தாண்ணே கேட்டிருக்காரு.

சுகந்தியைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். “நீதான் ஒட்டுனன்னு உம் புருசன் சொன்னாரும்மா. கோவிச்சுக்காம நீயே எடுத்துக் குடுத்துரு தாயி”ன்னாராம். இவ, ஐயா நீங்க ரோட்டைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கோங்கன்னு சொல்லிட்டு, ஹீட் கன்னை வச்சுச் சூடு காட்டி, மூஞ்சி கிழியாம முழுசா உரிச்சு எடுத்திருக்கா. பசையைத் தொடைச்சு வெறுங்கண்ணாடியாக் காட்டுனதும் மனுசன் பொலபொலன்னு அழுதுட்டாராம். பழம், வெத்தலை பாக்கு எல்லாம் வச்சுக் குடுத்துட்டு, என் செருப்பையும் குடுத்துட்டுப் போயிருக்காரு.

அவ்வளவுதான் விசயம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுருச்சு. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி எதுத்த பஸ்ஸைப் பிடிச்சாப் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பேன். நியாயமாப் பாத்தா எனக்குச் சந்தோசமா இருக்கணும்.

கடைசியில ஒண்ணு கேட்டாண்ணே. கோவமாக் கேக்கல. கத்தல. மெதுவாத்தான் கேட்டா. அவ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. “அவங்க அடிக்கிறதுக்கு ஆள் தேடுறாங்கன்னு நெனச்சுத்தானே ஓடுனீங்க? அப்ப, என் பேரைச் சொன்னீங்களே, என்னைய என்ன செய்வாங்கன்னு நெனச்சுச் சொன்னீங்க?”ன்னா.

நான் அப்படி இல்லன்னேன். எப்படின்னு கேட்டா. “யோசிச்சுச் சொல்லுங்க, நான் கடையிலதான் இருப்பேன்”னு வச்சுட்டா.

இனி திருப்பூருக்கும் போக முடியாது. அவ தம்பிக்கு இந்நேரம் போன் போட்டிருப்பா. வீட்டுக்கும் போக முடியாது. ராசாங்கம் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, இப்பவே போறேன், அவரு முன்னாடி நிக்கிறேன். சத்தியமாப் போறேன். என் வீட்டு வாசப்படி மட்டும் ஏறச் சொல்லாதீங்கண்ணே.

அண்ணே, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? இந்தாங்க, அவ நம்பரு. உங்க போன்ல இருந்து ஒரு வார்த்தை பேசுறீங்களா? நீங்க பெரியவங்க, பக்குவமாச் சொல்லுவீங்க. பூ போட்டது நாந்தான்னு நான் ஒத்துக்கிட்டதாச் சொல்லுங்க. வேற என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்னு மட்டும் சொல்லிராதீங்க.